இருநூற்றுப் பன்னிரண்டாம் கடிகாரம்

ஐஸ்பெட்டியோடு வேலை செய்பவனுக்குச் சளி பிடிக்காது என்று எங்கள் லெ லோக் ஊரில் சொல்வார்கள். பொய். முப்பத்தொரு வருஷமும் எனக்கு மூக்கு ஒழுகியது. இந்தக் கைக்குட்டைக்காக மன்னிக்க வேண்டும், நீதிபதி ஐயா.

அப்ராம் மாத்தேயின் பட்டறையில் கப்பல் கடிகாரங்களைச் சோதிப்பது என் வேலை. சில நாள் ஐஸில், சில நாள் அடுப்பருகே. எந்தக் கடிகாரமும் கொஞ்சம் பிசகும், அது குற்றமில்லை. தினமும் ஒரே அளவு பிசக வேண்டும், அவ்வளவுதான். அந்த அளவை ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவோம். நடுக்கடலில் தன் கப்பல் எங்கே நிற்கிறது என்பதைக் கேப்டன் அதை நம்பித்தான் கணக்கிடுவார். நாற்பது வருஷத்தில் மாத்தேயின் சீட்டு ஒன்றுகூடப் பொய்த்ததில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு மட்டும் அடங்கவில்லை. முதலாளிக்கு அப்போது எழுபத்திரண்டு வயது, கை நடுக்கம். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“நேத்து மூணு செகண்டு, இன்னிக்குப் பதினொண்ணு. இவன் குடிகாரன், நூமா. அலமாரியில வச்சுப் பூட்டு. கடலுக்குப் போகக் கூடாது.”

பூட்டியிருக்கலாம். ஆனால் கப்பல்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். எதிர்த்தெருப் பட்டறைக்காரனோ நாங்கள் எப்போது சறுக்குவோம் என்று காத்திருந்தான். கிழவருக்குக் கை போய்விட்டது என்று ஒரு வாய் சொன்னால் ஊரே சொல்லும். அதை என்னால் தாங்க முடியாது. சீட்டில் நாளுக்கு நான்கு செகண்டு என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மறுநாளே முதலாளி காலி அலமாரியைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. துறைமுகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, ஓடு என்றார். கப்பல் புறப்பட இன்னும் ஒன்பது நாள் இருந்தது. தபால் நிலையம் வரை போனேன். வாசலில் நின்று பிரித்துப் படித்தேன். திரும்பி வந்து அடுப்பில் போட்டேன்.

அந்த வாரமே அவர் படுக்கையில் விழுந்தார். கடைசி நாளில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“கடுதாசி போய்ச் சேந்துச்சாடா?”

“சேந்துருச்சு முதலாளி. கடிகாரத்த எறக்கிட்டாங்க.”

நிம்மதியாகக் கண்ணை மூடினார். அந்த நிம்மதியை அவருக்கு வேறு யார் கொடுத்திருப்பார்கள்?

கப்பல் பாறையில் மோதியது. தொண்ணூற்று மூன்று பேர். கேப்டன் குடித்திருந்தார் என்று தீர்ப்பானது. அவர் மனைவியை நினைத்து நானும் வருந்தினேன். இங்கே கடிகாரப் பள்ளிக்கு மாத்தே பெயர் வைத்தார்கள். திறப்பு விழாவில் நான் முன்வரிசையில் இருந்தேன். போன மாதம் அவருடைய நோட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் பிரித்தவர்கள், அந்த எண்ணுக்கு நேரே ‘போகக் கூடாது’ என்று அவர் எழுதியிருந்ததைக் கண்டார்கள். சீட்டின் நகலில் இருந்தது என் கையெழுத்து. அதனால்தான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

கடிதத்தில் என்ன இருந்தது என்று கேட்கிறீர்கள். இரண்டே வரி. ‘அதைக் கப்பலில் ஏற்றாதீர்கள். பிழை என் கையுடையது, வேறு யாருடையதும் அல்ல.’

அந்த இரண்டாவது வரி உண்மையில்லை, ஐயா. அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியதிலிருந்து உள்ளே இருக்கும் மயிரிழை ஸ்பிரிங்கை வளைத்துப் பொருத்துவது நான்தான். அந்தக் கடிகாரத்தைக் கெடுத்தவனும் நான்தான். அவர் பெயரில் ஒரு பொய் வெளியே போக நான் எப்படி விடுவேன்?