இடப்பக்கத்து முளைக்குச்சி

விளக்கு வைத்து ஒரு நாழிகை இருக்கும். திருமங்கலம் சாலையில் ஈ காக்கை இல்லை. நம்ம ஊர் ஜெயக்கொடியின் சித்தப்பா சோணை, பருத்தி ஏற்றிய வண்டியை அவனியாபுரத்துக்கு ஓட்டி வருகிறார். நுகத்தில் வலப்பக்கம் செவலைக் காளை, இடப்பக்கம் மயிலைக் காளை... பாலத்தருகே மடக்கென்று ஒரு சத்தம். அச்சு முறிந்து வண்டி குடைசாய்ந்தது. மயிலை கழுத்து ஒடிந்து அங்கேயே செத்தது. சோணைக்குத் தலையின் வலப்பக்கம் கல்லில் மோதியது. இரண்டாவது உலகச் சண்டைக்கு முந்தின வருஷம் நடந்தது இது.

மனுஷன் பிழைத்தார். ஆனால் இடப்பக்கம் என்ற ஒன்றே அவருக்கு இல்லாமல் போயிற்று. இலையில் வலது பாதிச் சோற்றை வழித்துத் தின்றுவிட்டு, "இம்புட்டுத்தானா?" என்பார். தன் இடது கையைத் தொட்டுப் பார்த்து, "இது யாரு கை? எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்பார். சிரிக்காதேடா வெள்ளைத்துரை, கதையைக் கேள். அவர் பெண்டாட்டி சின்னத்தாய்க்கு அழக்கூடத் தெம்பில்லை.

மதுரை டாக்டர் ஒருவர் கரித்துண்டைக் கொடுத்து, மாட்டுவண்டி வரையச் சொன்னார். ஒரு சக்கரம், ஒரு மாடு, பாதி நுகத்தடி... அத்தோடு வண்டி முடிந்தது. "கண்ணுல கோளாறு இல்லம்மா, மூளையில அடி. இடப்பக்கமே நின்னு பேரச் சொல்லிக் கூப்பிடு. என்னைக்காவது திரும்பினாத்தான் உண்டு."

புருஷன் பேரைச் சொல்ல நாக்கூசுகிற காலம். அவள் சொன்னாள். மாதக்கணக்கில் சொன்னாள். அவர் வலப்பக்கம் திரும்பி அவளைத் தேடுவார்.

ஆனால் சாயங்காலம் தொழுவத்துக்குப் போனால் மட்டும்... செவலைக்கு வைக்கோல் போட்டுவிட்டு, மெல்லத் திரும்புவார். இடப்பக்கம். மயிலையைக் கட்டின வெறும் முளைக்குச்சிக்கு முன்னால் ஒரு கை வைக்கோல் போடுவார். விடிந்து பார்த்தால் துரும்பு இருக்காது. செவலைக்கு அவ்வளவு தூரம் கயிறு எட்டாது.

சின்னத்தாய்க்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. செத்த மாட்டுக்குத் திரும்புகிற முகம் எனக்குத் திரும்பாதா? ஒரு நாள் அவர் வருவதற்கு முன்னாலேயே தொழுவத்துக்குப் போய், அந்த முளைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சோணை வந்தார். செவலைக்குப் போட்டார். திரும்பினார்... அவளை நேருக்கு நேர் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நான் தெரியிறேனா?" என்றாள்.

அவர் அவள் தலைக்கு மேலே பார்த்து, செல்லமாக அதட்டினார்.

"ஏய்... பாத்துடா. சின்னத்தாயி உக்காந்திருக்கா. மிதிச்சிராத."

மாடு தின்கிற பருத்திக்கொட்டையின் வாடை அடித்தது. எதிரே செவலை வாயசைக்காமல் நின்று அவளையே பார்த்தது. பிடரியில் சூடாக ஒரு மூச்சு பட்டது. பிறகு, காதோரத்தில்... அசைபோடும் சத்தம்.