சோறு இல்லாத சாப்பாடு

சண்டைக் காலத்தில் புதுக்கோட்டையில் அரிசி கிடைக்காமல், ரேஷன் கடையில் கோதுமை அளந்த நாட்கள் அவை. வரிசையில் எனக்கு முன்னால் வயதான கூலிக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் நின்றார்கள்.

"நேத்து நான் சாப்பிட்டேனா, இல்லையா?" என்று அவர் திடீரென்று மனைவியிடம் கேட்டார்.

"ரெண்டு கும்பா கஞ்சி குடிச்சீங்களே."

"குடிச்சேன். அப்புறம் நீ சோறு போடுவன்னு உக்காந்திருந்தேன். நீ சட்டியைக் கழுவிக் கவுத்துட்ட."

"அரிசி எங்க இருக்கு? அந்தக் கஞ்சிதான் சாப்பாடு. மொத நாள் கோதுமையை அப்படியே அவிச்சேன். பல்லு இல்லாம மெல்ல முடியலைன்னீங்க. அதான் ஊற வச்சு, ஆட்டிப் பால் எடுத்துக் காச்சுனேன்."

"பசி போயிருச்சு. ஆனா சாப்பிட்ட மாதிரி இல்லையே."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்றாள் அவள், குரலைத் தணித்து.

அவர்கள் முறை வந்தபோது கோதுமையும் தீர்ந்திருந்தது. அளந்துகொண்டிருந்த இளைஞன் மஞ்சளாக, கல் போலக் கெட்டியான ஏதோ ஒரு தானியத்தை அவள் முந்தானையில் கொட்டினான். கிழவர் ஒரு மணியை எடுத்து வாயில் போட்டு, இரண்டு கன்னத்திலும் உருட்டிப் பார்த்துவிட்டுக் கையில் துப்பினார்.

"இது என்னப்பா?" என்று அவள் கேட்டாள்.

"மக்காச்சோளமாம் ஆத்தா. கப்பல்ல வந்திருக்கு."

"எப்படி ஆக்குறது?"

"தெரியலையே. எங்க வீட்டுலயும் இதை வச்சுக்கிட்டு முழிக்கிறாங்க."

அவள் முந்தானையை முடிந்துகொண்டாள்.

"ரெண்டு நாள் ஊற வச்சுப் பாக்குறேன். வெந்துச்சுன்னா வந்து சொல்றேன் தம்பி" என்றாள்.