அரிசியளவு வெள்ளைப் புள்ளி

சர்க்கரை இல்லாத டீயைத் தேடி வாங்கி வந்ததற்கு நன்றி இன்ஸ்பெக்டர் சார். வீட்டிலும் அப்படித்தான் குடிப்பேன்.

குமணன்சாவடியில் டாக்டர் சண்முகசுந்தரம் நடத்தும் ஸ்கேன் சென்டரில், படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கும் மென்பொருள் நான் எழுதியது. ஒரு தலையைப் படம் எடுத்தால் நூற்றுக்கணக்கான துண்டுப் படங்கள் வரும். அத்தனையையும் முழு அளவில் ஒரேயடியாக நினைவகத்தில் ஏற்றியதால் கம்ப்யூட்டர் அடிக்கடி உறைந்து நின்றது. அங்கே வேலை செய்யும் கோபி போன் செய்வான்.

"ராஷித் அண்ணாத்தே, இன்னா சாப்ட்வேர் குட்த்துகீற நீ? படம் தொறக்கறதுக்குள்ள பேஷண்ட்டு தானா கொணமாயி ஊட்டுக்குப் பூட்றாரு."

பார்க்கும் படத்தை மட்டும் ஏற்றி, பார்த்ததும் இறக்கிவிடுவதுதான் சரியான வழி. அது நோன்பு மாதம். நோன்பு திறக்க என் மனைவி அஃப்ஷீன் கஞ்சியோடு காத்திருப்பாள். சுருக்கிய நகல்களை மட்டும் ஏற்றும்படி மாற்றிவிட்டுக் கிளம்பினேன். நகலின்மேல் மவுஸால் இரண்டு முறை தட்டினால்தான் முழுப் படம் வரும். கம்ப்யூட்டர் பறந்தது. டாக்டர் தோளில் தட்டிக் கொடுத்தார்.

அஃப்ஷீனுக்குத் தலைவலி வந்தபோது அங்கேதான் அழைத்துப் போனேன். டாக்டர் திரையைப் பார்த்தார். நான் அவருக்குப் பின்னால் நின்று, படம் எவ்வளவு சீக்கிரம் திறக்கிறது என்று கவனித்துக்கொண்டிருந்தேன். "ஒண்ணும் இல்லைம்மா. நல்லாத் தூங்கு" என்றார்.

"ஏங்க, அவ்ளோ பெரிய மிஷின்ல படுத்து எழுந்தும் என் தலையில ஒண்ணும் இல்லைன்னுட்டாரே" என்று வண்டியில் பின்னாலிருந்து சிரித்தாள். அந்த வாரமே இறந்துபோனாள். மூளையில் ரத்தக்கசிவு.

அடக்கத்துக்கு வந்த டாக்டர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிறகு அவள் படத்தை முழு அளவில் திறந்தேன். அரிசியளவு வெள்ளைப் புள்ளி. சுருக்கிய நகலில் அது இல்லை. அவர் இரண்டு முறை தட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

மென்பொருளைச் சரியான முறையில் திருத்தினேன். ஒரு மாலை போதுமானதாக இருந்தது. இப்போது யாருடைய படமானாலும் முழு அளவில் திறக்கும், நினைவகமும் நிரம்பாது. மற்ற நோயாளிகளுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் வீட்டார் பெயர் வந்தால் மட்டும் சுருக்கிய நகலையே பெரிதாக இழுத்துக் காட்டும்படி இரண்டு வரிகள் சேர்த்தேன். பிறகு காத்திருந்தேன்.

போன மாதம் அவர் மகள் மைதிலி வானகரம் பைபாஸில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தாள்.

"டாக்டர் பொண்ணுக்குப் படம் எடுக்கறோம்ணா. மிஷின் மக்கர் பண்ணாம பார்த்துக்க" என்றான் கோபி.

"பண்ணாது" என்றேன். பண்ணவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு மகளை வீட்டுக்கு அழைத்துப் போனார். மென்பொருளைப் பராமரிப்பவன் என்பதால் எனக்கும் படங்கள் கிடைக்கும். வீட்டிலிருந்தபடியே முழு அளவில் திறந்தேன். புள்ளி இருந்தது. போன் மேஜைமேல் பக்கத்திலேயே இருந்தது. டீ போட்டுக் குடித்தேன்.

துக்கத்துக்குப் போய் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு முறை தட்ட வேண்டும் என்று நான் யாரிடமுமே சொல்லவில்லை என்கிறீர்கள். கோபியும் அப்படித்தான் சொல்கிறான். அஃப்ஷீனைக் கொன்றது டாக்டர்தான் சார். அவருக்குப் பின்னாலேயே நின்றேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.