வாத்தியார் இல்லாத வெல்டிங் வகுப்பு

காலை 8.40. குளச்சலில் இருந்து நாகர்கோவில் செல்லும் பேருந்தில், எனக்கு முன் இருக்கைக்காரரின் மடியில் வெல்டிங் முகமூடி இருந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

"எனக்க கிளாஸுக்கு நானே மாணவன், மக்கா."

"என்னலே சொல்லுத?"

"குவைத்துல பதினெட்டு வருஷம் வெல்டிங் பாத்தேன். இங்க வரப்போற கம்பெனிக்கு சர்டிபிகேட் வேணுமாம். பயிற்சி மையத்துல சேந்தேன். வாத்தியாருக்கு விசா வந்து போயிட்டாரு. நீரே சொல்லிக் குடும்னுட்டாவ மையத்துக்காரங்க."

"அப்போ நீ வாத்தியாரா?"

"சர்டிபிகேட் இல்லாம வாத்தியாராவ முடியாதாம். மாணவன்னு கையெழுத்து போட்டுட்டுப் படிப்பிக்கணும்."

"பரீட்சையில தோத்தா யாரத் திட்டுவ?"

"சிரிக்காதலே. கம்பெனி வரலேன்னா நான் மறுபடியும் குவைத்துதான். மோள் பொறந்தப்பவும் நான் ஊர்ல இல்ல."

"கம்பெனி எப்ப வருமாம்?"

"சர்டிபிகேட் வாங்கினவன் அம்பது பேரு ஊர்ல இருந்தா வருமாம்."

"இப்ப எத்தன பேரு?"

"வாங்கினவன் எல்லாம் குவைத்துல கெடக்கான்."

திங்கள்சந்தையில் அவர் இறங்கிக்கொண்டார். நாகர்கோவிலில் அந்த நண்பர், விசாவுக்கு மெடிக்கல் பரிசோதனை எடுக்கும் இடத்துக்கு நடத்துநரிடம் வழி கேட்டார்.