சங்கு மேடை நிறுத்தம்

எங்கள் ஊர்ப் பாதையில் நடக்க வருகிறவர்கள் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வரக் கூடாது, ஐயா. பாதிப் பேர் அந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் ஜல்லி, குடோன் தெருவில் உடைந்த ஓடு, சாயக் கால்வாய்க் கரையில் வழுக்கல், மில்லுக்குள் துருப்பிடித்த தகரம், ஜவ்வாது மலை அடிவாரத்தில் முள். பழைய செருப்பு அறுந்தால் வருத்தமிருக்காது. இதை எழுதிக்கொள்ள வேண்டாம். நீங்கள் என்றாவது குடும்பத்தோடு வந்தால் உதவட்டும் என்று சொன்னேன்.

பாதையைப் போட்டவர் இருதயசாமி. மில் ஓடிய காலத்தில் டைம் ஆபீஸ் கிளார்க். மில்லை மூடியதும் மற்றவர்கள் ஆம்பூருக்கும் பெங்களூருக்கும் வேலை தேடிப் போனார்கள். இவர் மஞ்சள் பெயிண்ட் டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு சுவர் சுவராக அம்புக்குறி போட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் ஆள் சேர்ப்பார். ஸ்டேஷனில் தொடங்கி, இழுத்து மூடிய மில்லின் வழியாக மலை அடிவாரம் வரை நடை. வேலூரிலிருந்து காலேஜ் பிள்ளைகள் வந்தார்கள். காவலூர் டெலஸ்கோப்பில் இரவெல்லாம் வானம் பார்க்கிறவர்கள்கூட ஜீப்பில் வந்தார்கள். பாழடைந்த மில்லைப் பார்க்க மனிதர்கள் இவ்வளவு தூரம் நடப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. நான் எதையும் சரியாகக் கணித்தவன் இல்லை.

நடையில் ஐந்து நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ப் பலகை. நான்காவது நிறுத்தம் நான்.

விளக்கிச் சொல்கிறேன். பாய்லர் ரூம் மாடியில் ஓர் இரும்பு மேடை. அதன்மேல்தான் மில் சங்கு இருந்தது. ராத்திரி ஷிப்டில் பாய்லரைப் பார்த்துக்கொண்டு, காலை ஆறு மணிக்குச் சங்கிலியை இழுத்துச் சங்கு ஊதுவது என் வேலை. ஊரில் யார் வீட்டிலும் கடிகாரம் கிடையாது. தேவைப்படவும் இல்லை. ஒரு நாள் நான் தூங்கிவிட்டேன். விழித்தபோது சுவர்க் கடிகாரம் ஆறு காட்டியது. முந்தின நாள் மாலையிலேயே அது நின்றுபோயிருந்தது. நான் மேடைக்கு ஓடி, நடு ராத்திரியில் ஊரை எழுப்பினேன்.

பெண்கள் அடுப்பு மூட்டினார்கள். மாதா கோயில் உபதேசியார் பூசை மணி அடித்தார். ஆண்கள் டிபன் கேரியரோடு மில் கேட்டுக்கு வந்து, ஏன் இன்னும் விடியவில்லை என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நான் கீழே இறங்கி, அந்தக் கூட்டத்தின் நடுவே நடந்து வெளியே போனேன். திரும்ப வேலைக்குப் போகவில்லை. வேலையை நானே விட்டேன் என்று சொல்லிக்கொள்வேன். வெட்கத்தில் ஓடினேன் என்பது சரி. சில வருஷத்தில் மில்லே மூடி, எல்லோரும் என்னைப் போல ஆனபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வீட்டை விட்டால் வேறு போக்கிடம் இல்லாததால் பகலில் பாய்லர் ரூமில் போய்ப் படுத்திருப்பேன். அப்படிப் படுத்திருந்தபோதுதான் முதன்முதலில் இருதயசாமி என் கதையைச் சொல்வதைக் கேட்டேன். கீழே இருபது பேர் நின்றிருந்தார்கள்.

"இத பாருங்க, இதான் சங்கு மேடை. இங்கதான் நம்ம அருணகிரி ஊருக்கே விடியவெச்சாரு. செல்லின்னு ஒரு பொம்பளை, சங்கு கேட்டதும் சொம்ப எடுத்துக்கினு பால் கறக்க உக்காந்துச்சாம். மாடு திரும்பிப் பாத்து, 'இன்னாம்மா, இப்பத்தானே கறந்தே?'ன்னுச்சாம்."

எல்லோரும் சிரித்தார்கள். காவலூர்க்காரர் ஒருவர், "நாங்கதான் ராத்திரியில முழிக்கிறோம்னு பாத்தா, இவரு ஊரையே முழிக்கவெச்சிருக்காரே" என்றார். அதற்கும் சிரித்தார்கள். ஒரு பெண், "அந்த ஆளு இப்ப உயிரோட இருக்காரா?" என்று கேட்டது.

எனக்கு வந்திருக்க வேண்டியது கோபம். ஆனால் என்னைப் பற்றி ஒருவர் கேள்வி கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. வெளியே வந்து, "நான்தாங்க" என்றேன். கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள்.

அதன்பிறகு நானும் நடையில் சேர்ந்துகொண்டேன். தண்ணீர்க் குடம் தூக்கினேன். நான்காவது நிறுத்தம் வந்ததும் மேடைமேல் ஏறி, இல்லாத சங்கிலியை இழுத்து, வாயால் ஊதிக் காட்டுவேன். கண்ணைக் கசக்குவேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "சங்கு அண்ணே, இப்ப மணி இன்னா?" என்று கத்துவார்கள். "ஆறு" என்பேன். எப்போது கேட்டாலும் ஆறுதான். வெட்கங்கெட்ட பிழைப்பு என்று எனக்குத் தெரியும். வாரம் முழுக்க அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகக் கண்ணாடி முன்னால் முகத்தைக் கோணிப் பழகினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தைந்து வயதில்.

இந்த வருஷம் தவக்காலம் தொடங்கியது. கிறிஸ்தவர்கள் அந்த நாற்பது நாளும் எதையாவது விட்டுவிடுவார்கள். சிலர் கறியை விடுவார்கள், சிலர் பீடியை விடுவார்கள். இருதயசாமி என்னை விட்டார்.

விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு என் வீட்டுக்கு வந்தார். கூடவே அவர் மனைவி அன்னாள்.

"அருணகிரி, உன்னாண்ட மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன்."

"இன்னா சார் இது?"

"வாராவாரம் உன்னை நிக்கவெச்சு நாலு பேரு சிரிக்கச் செஞ்சேன். பாவம்பா அது. சாமியார்கிட்டயும் சொல்லிட்டேன். இனிமே அந்த நிறுத்தமே கெடையாது. அடுத்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் வந்து அம்புக்குறிய அழிச்சிட்டு, பலகையையும் கழட்டிர்றேன்."

"நான்தாங்கண்ணா சொன்னேன்" என்றது அன்னாள். "உங்களுக்கும் மனசுன்னு ஒண்ணு கீது இல்லீங்களா?"

"எனக்கு ஒண்ணும் வருத்தமில்லீங்க சார். அது பாட்டுக்கு இருக்கட்டுமே" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதாம்பா உன் பெரிய மனசு" என்றார். கண் கலங்கியிருந்தது. நல்ல மனிதர். அவரைப் பற்றி யார் என்ன கேட்டாலும் நான் அப்படித்தான் சொல்வேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாய்லர் ரூம் பக்கம் திரும்பாமல் நேராக மலைக்கு நடந்தார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு நானும் நடந்தேன். புதிதாக வந்திருந்த பையன் ஒருவன் அடிவாரத்தில் என்னிடம், "நீங்க இன்னாங்க பண்றீங்க?" என்று கேட்டான். யோசித்துப் பார்த்தேன். "தண்ணி" என்றேன். அவன் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான்.

அந்த வாரம் அவருக்குக் காய்ச்சல். பலகையைக் கழற்றுவது மறு சனிக்கிழமைக்குத் தள்ளிப் போனது. யோசிக்க எனக்கு அத்தனை நாள் கிடைத்தது. கோபத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். கோபக்காரன் இப்படி நிதானமாக ஸ்பேனரைத் தேடி, எண்ணெய் போட்டு வைத்திருக்க மாட்டான்.

மேடையின் கைப்பிடிக் கம்பி ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தது. நான் ஏறும்போதெல்லாம் ஜாக்கிரதையாகத்தான் ஏறுவேன். அதைப் பிடித்திருந்த போல்ட்டுகளைச் சனிக்கிழமை காலையில் எடுத்துவைத்தேன். கழற்றினேன் என்று எழுதுவது உங்கள் வழக்கமானால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பலகையைக் கம்பியில் கட்டியதும் நான்தான். முடிச்சு வெளிப்பக்கம் இருக்கும். சாய்ந்துதான் அவிழ்க்க வேண்டும்.

மத்தியானம் அவர் வந்தார். நான் கீழே நின்றிருந்தேன்.

"நீ எதுக்கு வெயில்ல வந்தே? வூட்டுக்குப் போ" என்றார்.

"பரவால்ல சார். நீங்க ஏறுங்க" என்றேன்.

அவர் சாய்ந்ததும் கம்பியோடும் பலகையோடும் பாய்லர் சாம்பல் கொட்டிய மேட்டுப் பக்கம் விழுந்தார். மேட்டின்மேல் விழுந்திருந்தால் பிழைத்திருப்பார். பக்கத்தில் கருங்கல் தளம். என் வாழ்க்கையில் நேரம் தவறாமல் நடந்த ஒரே காரியம் இது.

அவர் உடனே சாகவில்லை. உங்கள் டாக்டர் சொன்னது சரிதான். முதுகு போயிருந்தது. கண் திறந்திருந்தது. "அருணகிரி, யாரையாச்சும் கூப்புடு" என்றார். கூப்பிட்டிருக்கலாம். மில் கேட்டில் வாட்ச்மேன் முனிசாமி இருந்தான், ஒரு சத்தம் போட்டால் போதும். ஏன் போடவில்லை என்று நேற்று முழுக்கக் கேட்டீர்கள். சத்தம் போட்டு ஊரைக் கூட்டிய அனுபவம் எனக்கு உண்டு, அது நன்றாக முடியவில்லை என்றேன். நீங்கள் மேஜையைத் தட்டினீர்கள். விளையாட்டுக்குச் சொன்னேன். உண்மை வேறு.

அவரோடு தனியாக இருக்கக் கிடைத்ததே அப்போதுதான். பக்கத்தில் உட்கார்ந்தேன். தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன், அதனால்தான் சட்டையில் ரத்தம். "சார், நாலாவது நிறுத்தத்த நீங்க எப்பவும் சரியாச் சொன்னதில்ல" என்றேன். நான் நடு ராத்திரியில் சங்கு ஊதிய அன்றைக்கு, விடிந்துவிட்டதென்று நம்பி டைம் ஆபீஸைத் திறந்து, வேலைக்கு வந்தவர்களுக்கு டோக்கன் கொடுக்க உட்கார்ந்தவரே அவர்தான். அதை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. அதையும் சேர்த்து முழுக்கதையையும் சொன்னேன். நடுவில் தண்ணீர் கேட்டார். "இருங்க சார், முடிக்கப்போறேன்" என்றேன். மறுநாள் நடைக்கு நிரப்பி வைத்த குடம் அருகில்தான் இருந்தது. எனக்குக் கதை சுருக்கமாகச் சொல்ல வராது.

எல்லோரும் சிரிக்கும் இடம் வந்தது. நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தவக்காலம், வீம்பாக அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். அதனால் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.