கவிழ்த்துப் போட்ட வாளி

— பால் இல்லைங்க, அவ்வளவுதான். இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டவளுக்குப் பால் ஊறாது. என் பிள்ளைங்க ரெண்டும் டின் பால்லதான் வளந்துச்சுங்க. உள்ளதைச் சொல்றேன்.

— அக்கா, நான் உங்க ஓரகத்திகிட்டதான் கேட்டேன். நீ சொல்லு தங்கச்சி. நம்ம பாஷை பேசறவளாச்சேன்னுதான் ஆஸ்பத்திரில என்னை அனுப்பியிருக்காங்க.

— நாளைக்கு எடை பாக்கணும் மேடம். ஏறலைன்னா பிள்ளையை அங்கேயே வெச்சுக்குவாங்களாம். அக்காதான் சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்காரங்க பேசறது எனக்கு ஒரு எழுத்தும் புரியல.

— நர்ஸ் கேட்டதுக்கெல்லாம் நான்தானே பதில் சொன்னேன்! இவ பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு நின்னா.

— என்ன கேட்டாங்க?

— தாய்ப்பால் போதுமான்னு. இல்லைன்னேன்.

— ஓரகத்திங்க சரி, நீங்க ரெண்டு பேரும் கூடப் பிறந்தவங்களுமா?

— நல்லா கேட்டீங்க! இவ எந்த ஊரோ, நான் எந்த ஊரோ. அண்ணன் தம்பியைக் கட்டிக்கிட்டு ஒரே அடுப்புல கிடக்கோம்.

— அக்கா, உங்கம்மாவுக்குப் பால் இருந்துச்சா?

— எங்கம்மாவா? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேத்துக் குடுத்தவ.

— ரத்த சம்பந்தமில்லாத ரெண்டு பேருக்கும் ஒரே வீட்டுல வத்துதுன்னா, இது உடம்போட குறை மாதிரி தெரியல அக்கா. தங்கச்சி, எங்க உக்காந்து பால் குடுப்பே?

— அது வந்து...

— வாயத் திறந்து சொல்லேன்டி.

— குளியலறைல, மேடம்.

— குளியலறைலயா!

— இருக்கறது ஒரே ரூம். கட்டில்ல மாமனார். கீழே அக்கா வீட்டுக்காரர், ராத்திரி வேலைக்குப் போயிட்டு வந்து தூங்குவார். நான் வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்துக்குவேன். கதவைத் தட்டினா பதறி எடுத்துடுவேன். மாமனார் தட்டுவார், அக்கா பசங்க தட்டுவாங்க, அக்காகூட...

— நான் எதுக்குடி தட்டப்போறேன்? ...சரி, தட்டினேன். துணி ஊறப் போட வேண்டாமா?

— பிள்ளை எப்பவாவது வயிறு நிறைஞ்சு தானா வாயை எடுத்திருக்கானா?

— இல்ல மேடம். நான்தான் பிடுங்குவேன்.

— அங்கதான் இருக்கு கோளாறு. அவன் குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். பாதியில எடுத்துக்கிட்டே இருந்தா, இவ்வளவு போதும் போலன்னு உடம்பும் அடங்கிடும்.

— அப்ப எனக்குப் பால் வருமா மேடம்? நிஜமா?

— இப்பவே உக்காந்து பாப்போம். சமையல்கட்டு மூலைல ஒரு சேலையைத் திரையாக் கட்டிக்கலாம். யார் கூப்பிட்டாலும் எழுந்திரிக்காதே. துணி நனைக்கிறானா?

— நனைக்கிறான். முன்ன மாதிரி இல்ல.

— துவண்டு போனான்னா நாளைக்குன்னு காத்திருக்காதே, உடனே தூக்கிட்டு ஓடு. டாக்டர் மேல்பாலா டின் பால் குடுக்கச் சொன்னா அதையும் குடு, ஆனா இதை நிறுத்திடாதே. நாளைக்கு நானும் வரேன். பதிலை நீ சொல்லு, அவங்க பாஷைல நான் சொல்றேன்.

— மாமனார் தண்ணி கேட்டா?

— அக்கா பாத்துக்குவாங்க. இல்லையாக்கா? ...அக்கா?

— கயிறு தேடறேன். திரை கட்டணும்ல.

— அக்கா, நீங்க ஏன் அழறீங்க? நான் உங்களைக் குத்தம் சொல்லல, சத்தியமா.

— உள்ளதைச் சொல்லட்டுமா? அந்த வாளியைக் கவுத்துப் போட்டு முதல்ல உக்காந்தவ நான்தான்டி. எங்க உக்காந்து குடுக்கறேன்னு என்னை ஒருத்தரும் கேக்கல.