பச்சையில் நின்ற எண்

அன்று காலை சட்டைப் பொத்தான்களைத் துளை மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டேன். தொழிற்சாலை வாசலில் அண்ணன் என்னை நிறுத்தி, அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டான். "பெரிய ஆளுங்க வர்றாங்க, இன்னைக்கு ஒரு நாளாவது மனுஷனா நில்லுடா" என்றான்.

அவன் அங்கே பம்ப் மெக்கானிக். நான் கணினிப் பிரிவு. கழிவுநீர்த் தொட்டிகள் தரைக்கு அடியில் இருந்தன. உள்ளே ஆக்சிஜன் எவ்வளவு என்பதை ஒரு கருவி நொடிக்கொரு முறை வைஃபை வழியாக என் டெஸ்க்டாப் மென்பொருளுக்கு அனுப்பும். பச்சை என்றால் இறங்கலாம். சிவப்பு என்றால் கூடாது.

அந்த மென்பொருளை எழுத நான் பயன்படுத்திய ஃபிரேம்வொர்க்கில், அதாவது வெளியார் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பில், ஒரு குறை உண்டு. எதிர்முனையில் இருக்கும் கருவி சொல்லிக்கொள்ளாமல் அறுந்துபோனால் அதற்குத் தெரியாது. இணைப்பு இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும். அதை நிரல் எழுதுகிறவன்தான் கவனிக்க வேண்டும். நான் கவனித்திருந்தேன். பத்து நொடி எண் வராவிட்டால் திரை சிவக்கும்படி சில வரிகள் எழுதியிருந்தேன்.

தொட்டிப் பக்கம் வைஃபை நோஞ்சான். திரை அடிக்கடி சிவந்தது. "என்னப்பா, உன் ஸ்கிரீனுக்குக் கண்வலியா?" என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் கேட்டார். சிரித்தார்கள். விருந்தினர் வருவதற்கு முந்தின மாலை அந்த வரிகளை எடுத்துவிட்டேன். அவர்கள் போனதும் திரும்பச் சேர்ப்பதாக இருந்தேன். இப்போது இணைப்பு அறுந்தால், கடைசியாக வந்த எண் அப்படியே நிற்கும். பார்க்க அமைதியாக இருந்தது.

மறுநாள் பதினொரு மணிக்கு விருந்தினர்கள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தபோது அண்ணன் போன் செய்தான்.

"டேய் இன்ஜினியரு, மூணாம் தொட்டியில பம்ப் அடைச்சுக்கிச்சு. உன் பொட்டி என்ன சொல்லுது, இறங்கவா?"

"இருபது புள்ளி ஒன்பது. பச்சை" என்றேன். திரையில் இருந்ததைத்தான் சொன்னேன்.

"சரிடா. சாப்பிடப் போயிடாத, வந்துடறேன்."

அவன் உயிரோடு மேலே வரவில்லை. உள்ளே ஆக்சிஜன் ஆறு சதவீதம்தான் இருந்தது என்று பிறகு அளந்து சொன்னார்கள்.

அவன் ஆக்சிஜன் அளக்கும் கைமீட்டரை எடுத்துப் போகவில்லை என்பதும் உண்மை. உடனிருந்த வெல்டர் விசாரணையில் சொன்னார்: "மீட்டரை எடுத்துக்கங்கண்ணேன்னு சொன்னேன் சார். என் தம்பியே பாத்துச் சொல்லிட்டான், அப்புறம் எதுக்கு மீட்டருன்னு இறங்கிட்டாரு."

ஃபிரேம்வொர்க்கின் குறையை நான் மூன்று பக்கத்துக்கு விளக்கி எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எடுத்துவிட்ட வரிகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தொழில்நுட்பக் குறைபாடு, பணியாளரின் கவனக்குறைவு என்று முடித்தார்கள்.

அண்ணி அந்த விசாரணை முடிவுத் தாளை இரண்டு முறை படித்தாள். "மிஷின் பண்ண தப்புக்கு நீ ஏம்பா பட்டினி கிடக்கிற? எந்திரிச்சு சாப்பிடு" என்று தட்டை என் பக்கம் நகர்த்தினாள். சாப்பிட்டேன்.

நல்ல இணைப்பில் அந்த எண்ணின் கடைசி இலக்கம் சும்மா இருக்காது, ஆடிக்கொண்டே இருக்கும். அன்று அரை மணி நேரமாக ஆடவில்லை. அண்ணன் கேட்டபோது அது எனக்குத் தெரியும். "தெரியல, இறங்காத" என்று சொல்ல ஒரு நொடி போதும். மேலாளரின் கை என் தோளில் இருந்தது. அத்தனை பேர் முன்னால் சொல்லப் பிடிக்கவில்லை. வேறு காரணம் இல்லை.

போன மாதம் அந்த ஃபிரேம்வொர்க்கின் புதிய பதிப்பு வந்தது. மாற்றங்களின் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். அந்தக் குறையை அவர்கள் இன்னும் சரிசெய்யவில்லை.